புதுப்பிப்பு: கதைசொல்லி நடுவில் மாறலாமா?

"நான்" என்று தொடங்கும் என் சிறுகதை பாதியில் படர்க்கைக்குத் தாவுகிறதே, சரிதானா என்று முன்பு கேட்டிருந்தேன். கூடவே கூடாது என்றார்கள் பலர். அப்புறம் பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபேரின் 'மதாம் பொவாரி' நாவலை மறுபடி எடுத்தேன். தொடக்கத்தில் கதை சொல்வது வகுப்பில் உட்கார்ந்திருக்கும் "நாங்கள்". முதல் அத்தியாயத்திலேயே அந்த "நாங்கள்" ஓசைப்படாமல் நழுவிவிடுகிறது! பிறகு படர்க்கைதான். ஆனால் நாயகி எம்மாவின் எண்ணங்கள் பல இடங்களில் "என்று நினைத்தாள்" என்ற ஒட்டு இல்லாமலே கதைசொல்லியின் குரலில் கலந்து வருகின்றன. 1857-இல் நாவல்மீது ஒழுக்கக்கேடு வழக்கு நடந்தபோது, அரசு வழக்கறிஞர் அப்படிப்பட்ட வரிகளை ஆசிரியரின் கருத்தாகவே எடுத்துக்கொண்டு வாதாடினார். (ஃப்ளோபேர் விடுதலையானார்.)

சரி, என் கதை? தாவலை நீக்கவில்லை. பாதியில் இருந்ததை இரண்டாம் பத்திக்கே இழுத்துவிட்டேன்; வாசகர் கதைசொல்லிக்குப் பழகுமுன் மாறினால் உறுத்தல் குறைகிறது.