வெள்ளையணுக் கொடை: கொடையாளருக்கு ஊசி போட்டு எடுக்கலாமா?

நுண்ணோக்கி:
கீமோவுக்குப் பின் நியூட்ரோபில் (கிருமியைத் தின்னும் வெள்ளையணு) மைக்ரோலிட்டருக்கு 500-க்குக் கீழே கிடக்கிறது, பூஞ்சைத் தொற்று மருந்துக்கு அடங்கவில்லை. இப்படிப்பட்ட நோயாளிக்குக் கிரானுலோசைட் (பெரும்பாலும் நியூட்ரோபில் கொண்ட வெள்ளையணு) ஏற்றுவதை இன்னும் ஆதரிப்பவர்கள் பதில் சொல்லுங்கள். 2015-ல் வந்த ரிங் (RING) என்ற ஆய்வில் ஏற்றியவர்களில் 42 சதவீதம் தேறினார்கள், ஏற்றாதவர்களில் 43. அப்புறம் எதற்கு நல்லா இருக்கிற ஒருவருக்கு ஜி-சிஎஸ்எஃப் (மஜ்ஜையைத் தூண்டி நியூட்ரோபிலைப் பெருக்கும் மருந்து) ஊசியும் ஸ்டீராய்டும் கொடுத்து, மூன்று மணி நேரம் வெள்ளையணுவைப் பிரிக்கும் இயந்திரத்தோடு கட்டிப்போட வேண்டும்?

பிரிப்பறை:
அந்த ஆய்வில் சேர்ந்தது 114 பேர், திட்டமிட்டதில் பாதி கூட இல்லை. பலருக்குப் போன அளவும் பற்றாது. கிலோவுக்குச் சராசரியாக 60 கோடி அணுக்களாவது கிடைத்தவர்களில் 59 சதவீதம் தேறினார்கள். அதற்குக் குறைவாகப் போனவர்களில் 15 சதவீதம்தான்.

கணக்குப் போடுங்கள். 60 கிலோ நோயாளிக்கு ஒரு தடவைக்கு 3,600 கோடி வேண்டும். ஊசி இல்லாமல் எடுத்தால் ஒரு பையில் 1,000 கோடி தேறுவதே பெரும்பாடு. முந்தின இரவு தோலடியில் ஜி-சிஎஸ்எஃப் 480 மைக்ரோகிராம், வாய்வழி டெக்சாமெத்தசோன் 8 மில்லிகிராம் கொடுத்து 12 மணி நேரம் கழித்து எடுத்தால் 4,000 முதல் 8,000 கோடி வரை வரும். ஊசியை மறுத்தால் நோயாளிக்குப் போவது பெயருக்கு ஒரு பை.

நுண்ணோக்கி:
அந்த 59-ம் 15-ம் ஆய்வு முடிந்தபின் பிரித்துப் பார்த்த எண்கள். ஒன்று கேட்கிறேன்: குறைவாக வாங்கியவர்கள் எதுவுமே வாங்காதவர்களைவிட மோசமாகப் போனது ஏன்? டோஸ் மட்டும் காரணமென்றால் அவர்களுக்குச் சமமாகவாவது வந்திருக்க வேண்டும். வேறு ஏதோ கலந்திருக்கிறது.

பிரிட்டனில் ரத்தக் கொடையில் மிஞ்சும் பஃபி கோட்டை (ரத்தத்தைச் சுழற்றினால் நடுவில் படியும் வெள்ளையணு அடுக்கு) பத்துப் பத்தாகச் சேர்த்து ஒரு பை ஆக்குகிறார்கள். வயதுவந்த நோயாளிக்கு ஒரு நாளைக்கு இரண்டு பை. யாருக்கும் ஊசி இல்லை, இயந்திரத்தில் பிரிக்கும்போது சேர்க்கும் ஹெட்டாஸ்டார்ச் என்ற ஸ்டார்ச் கரைசலும் இல்லை.

பிரிப்பறை:
இரண்டு பை என்றால் இருபது பேருடைய எச்எல்ஏ (அணுக்களின் மேலுள்ள, ஆளுக்கு ஆள் மாறும் அடையாளப் புரதம்). எதிர்ப்பொருள் கிளம்பிவிட்டால் அடுத்து ஏற்றும் பிளேட்லெட்டும் நிற்காது. அதுவும் சேர்த்து ஏறத்தாழ 2,000 கோடிதான், நான் சொன்ன 3,600-ஐத் தொடாது.

ஹெட்டாஸ்டார்ச்சைச் சும்மா சேர்ப்பதில்லை. நியூட்ரோபிலுக்கும் சிவப்பணுவுக்கும் அடர்த்தி கிட்டத்தட்ட ஒன்று. ஸ்டார்ச் போனால்தான் சிவப்பணுக்கள் நாணயம் அடுக்கியதுபோல் ஒட்டிக் கீழே இறங்கும், வெள்ளையணு மேலே பிரியும். பைக்குப் போகும் குழாயைப் பாருங்கள்: சிவப்புத் தெரிய வேண்டும். மஞ்சளாக ஓடினால் பிளேட்லெட்டும் லிம்போசைட் என்ற வேறு வகை வெள்ளையணுவும்தான் வருகின்றன, நமக்கு வேண்டியது இன்னும் கீழே கிடக்கிறது.

இரவுப்பணி:
இரண்டு பேரும் எடுப்பதையே பேசுகிறீர்கள், கெடுவது பெரும்பாலும் அதற்கப்புறம். வெள்ளையணுவை அகற்றும் ஃபில்டரை மாட்டினால் ஏற்ற வந்ததே அதில் சிக்கிக்கொள்ளும். ரத்தம் ஏற்றும் சாதாரண குழாய் செட்டே போதும். பிளேட்லெட் பழக்கத்தில் பையைக் குலுக்கியில் வைக்கக் கூடாது, ஃபிரிட்ஜிலும் கூடாது. 20–24 டிகிரியில் அசையாமல் இருக்க வேண்டும், 24 மணி நேரம்தான் கெடு, முன்னால் ஏற்றினால் அவ்வளவு நல்லது. 25 கிரே (கதிர்வீச்சின் அளவு) கதிரூட்டாமல் கொடுத்தால் கொடையாளரின் லிம்போசைட் நோயாளியையே தாக்கும். சிவப்பணு கலந்திருப்பதால் கிராஸ்மேட்ச் (இருவர் ரத்தமும் ஒத்துப்போகிறதா என்ற சோதனை) கட்டாயம். பூஞ்சை மருந்தான ஆம்போடெரிசினையும் இதையும் அடுத்தடுத்துக் கொடுக்காதீர்கள், நாலைந்து மணி இடைவெளி விடுங்கள், நுரையீரல் திணறும்.

நுண்ணோக்கி:
இதில் தகராறு இல்லை. என் கவலை கொடையாளர். எலும்பு வலி, தலைவலி, தூக்கமின்மை போய்விடும். மண்ணீரல் கிழிவது அரிது, ஆனாலும் கேள்விப்படாத விஷயமில்லை. சிக்கிள் செல் நோய் (சிவப்பணு அரிவாள்போல் வளையும் பரம்பரை நோய்) உள்ளவருக்கு ஜி-சிஎஸ்எஃப் போடவே கூடாது. சொந்தக்காரர் படுக்கையில் கிடக்கும்போது 'ஊசி வேண்டாம்' என்று எந்த உறவுக்காரர் வாய் திறப்பார்?

பிரிப்பறை:
அது நியாயமான கேள்வி. ஒப்புதலை நோயாளியின் மருத்துவர் வாங்கக் கூடாது, வேறொருவர் தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டும். தொற்றுப் பரிசோதனைக்கும் முன்கூட்டியே ரத்தம் எடுத்துவிடலாம். எடுத்த நாளில் அனுப்பினால் முடிவு வருவதற்குள் பையின் கெடு முடிந்துவிடும்.

நுண்ணோக்கி:
அப்படியென்றால் இன்னொன்றும் சேருங்கள். மஜ்ஜை திரும்பும் என்ற எதிர்பார்ப்பு இருந்தால் மட்டும் தொடங்குவது. ஏற்றிய நியூட்ரோபில் ரத்தத்தில் சில மணி நேரமே தாங்கும், தினமும் ஒரு பை வேண்டும். நாலு நாளைக்கு நாலு கொடையாளர் கையில் இல்லாமல் முதல் ஊசியைப் போடாதீர்கள்.