ரூட்டர் மேசையில் ஃபிங்கர் ஜாயின்ட் ஜிக்: முதல் நாலு விரல் தொளதொள, அப்புறம் முட்டுகிறது

கோவை_மரத்தூள்:

வணக்கம். அம்மாவுக்கு ஒரு அஞ்சறைப் பெட்டி செய்து தருகிறேன் என்று பொங்கலன்றே வாயை விட்டுவிட்டேன். இப்போது ஆடி வந்துவிட்டது, இன்னும் நாலு மூலை சேரவில்லை. மரம் பழைய ஜன்னல் சட்டத்திலிருந்து எடுத்த தேக்கு, இழைத்து 12 மி.மீ. கனத்துக்குக் கொண்டு வந்திருக்கிறேன், அகலம் 60 மி.மீ. மூலையில் ஆணி அடிக்க மனசு வரவில்லை, அதனால் ஃபிங்கர் ஜாயின்ட் (இரண்டு பலகையின் முனையிலும் விரல் விரலாக வெட்டி ஒன்றோடொன்று கோப்பது) போடலாம் என்று ஒரு ஜிக் (வெட்டும்போது பலகையை அளவாக நிறுத்தும் சாதனம்) செய்தேன்.

ஜிக் இப்படி: டிரிம் ரூட்டரை (சுழலும் பிட்டால் மரத்தில் பள்ளம் எடுக்கும் சின்ன மின்கருவி) ஒரு பிளைவுட் மேசைக்கு அடியில் தலைகீழாக மாட்டியிருக்கிறேன். மேசையில் ஒரு காடி, அதில் முன்னும் பின்னும் ஓடும் ஒரு தட்டு, அதாவது ஸ்லெட், ஸ்லெட் மேல் நெட்டுக்குத்தாக ஒரு பலகை. அந்தப் பலகையின் அடியில், பிட்டுக்கு வலப்பக்கம், 6 மி.மீ. சதுர அலுமினியக் கம்பியில் ஒரு துண்டை முளையாகப் பதித்தேன். பிட்டுக்கும் முளைக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளிக்கும் அதே கம்பியில் இன்னொரு துண்டைச் செருகிப் பார்த்துத்தான் முடுக்கினேன். வேலை செய்யும் பலகையின் ஓரத்தை முளையில் முட்டக் கொடுத்து முதல் பள்ளம், அந்தப் பள்ளத்தை முளைமேல் உட்கார வைத்து அடுத்த பள்ளம், இப்படியே போக வேண்டியதுதான்.

வெட்டிச் சேர்த்தால் முதல் மூன்று நான்கு விரல்கள் பள்ளத்துக்குள் ஆடுகின்றன. ஏழாவது எட்டாவதுக்கு வரும்போது விரல் பள்ளத்துக்கு நேராகவே வராமல் பக்கவாட்டில் முட்டுகிறது. ஒரே பலகையில் லூசும் இருக்கிறது, டைட்டும் இருக்கிறது, இது எப்படி என்றே புரியவில்லை. முளையைக் கொஞ்சம் தள்ளினால் ஒன்று சரியாகிறது, இன்னொன்று கெடுகிறது. ரப்பர் மரத் துண்டுகளில் வெட்டி வெட்டி ஒரு சாக்கு விறகு சேர்ந்துவிட்டது. தேக்கை இன்னும் தொடவில்லை, தொடப் பயமாக இருக்கிறது.

பழைய_ரம்பம்:

பள்ளத்தின் அகலத்தை வெர்னியரில் அளந்தீர்களா? பிட் வாங்கும்போது கடையில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்?

கோவை_மரத்தூள்:

வெர்னியர் இல்லை அண்ணே. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், 6 மாதிரிதான் தெரிந்தது. கடைக்காரர் "ரெண்டு நூல் ஸ்ட்ரெயிட் பிட்" என்று எடுத்துக் கொடுத்தார்.

பழைய_ரம்பம்:

வியாதி அங்கேதான் இருக்கிறது தம்பி. ஒரு நூல் என்றால் அரைக்கால் இன்ச், 3.175 மி.மீ. ரெண்டு நூல் கால் இன்ச், அதாவது 6.35. பிட் கொஞ்சம் அதிர்ந்தால் பள்ளம் 6.4 வரும். உங்கள் முளையோ 6. அப்படியானால் பள்ளம் முளைமேல் உட்காரும்போது 0.4 மி.மீ. ஆட இடம் இருக்கிறது. ஒரு தடவை பலகையை வலப்பக்கம் தள்ளிப் பிடித்திருப்பீர்கள், அப்போது விரல் 6.0 வரும். அடுத்த தடவை கை இடப்பக்கம் போயிருக்கும், அப்போது 5.6. இரண்டுமே 6.4 பள்ளத்துக்குள் லூசுதான், அதனால்தான் ஆரம்பத்தில் தொளதொள. ஆனால் ஒரு பலகையில் எல்லாத் தடவையும் வலம், ஜோடிப் பலகையில் எல்லாத் தடவையும் இடம் என்று விழுந்தால், கடைசி விரலுக்கு வரும்போது ஒரு மில்லிக்கு மேல்கூட விலகிப் போகும். அங்கே முட்டத்தான் செய்யும். நீங்கள் முளையை எவ்வளவு தள்ளினாலும் இது தீராது.

என் அப்பா தச்சு வேலைதான் செய்தார். அவருக்கு நூல் கணக்குதான், மில்லி என்று பேசியதே இல்லை. நான் பட்டறைக்குள் வந்தபோது பிளைவுட் மில்லியில் வந்தது, பிட் இன்ச்சில் வந்தது, இரண்டுக்கும் நடுவே நானும் நிறைய மரத்தை நாசம் செய்திருக்கிறேன்.

இன்னொன்றும் பாருங்கள். பிட்டின் காம்பு 6 மி.மீ.யா கால் இன்ச்சா? உங்கள் ரூட்டர் காலெட் (காம்பைக் கவ்விப் பிடிக்கும் வாய்) எது? கால் இன்ச் காலெட்டில் 6 மி.மீ. காம்பை மாட்டி முடுக்கினால் பிடித்த மாதிரிதான் தெரியும், ஆனால் ஓடும்போது நழுவி மேலே ஏறும், பள்ளத்தின் ஆழம் பலகைக்குப் பலகை மாறும். ஆபத்தும் கூட.

அலுமினியத்தைக் கழற்றி எறியுங்கள். முதலில் ஒரு மாதிரித் துண்டில் பள்ளம் வெட்டிக்கொண்டு, அந்தப் பள்ளத்துக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு கெட்டியான மரக் குச்சியை இழையுங்கள். ஸ்கேலோ வெர்னியரோ வேண்டாம், அந்தப் பள்ளமே உங்களுக்கு அளவுகோல். சும்மா விட்டால் தானாக விழவும் கூடாது, சுத்தியலால் தட்டினால்தான் ஏறும் என்றும் இருக்கக் கூடாது. ஒரு சாண் நீளத்துக்கு இழைத்து இரண்டாக வெட்டி, ஒரு துண்டை முளையாகப் பதித்துவிட்டு மற்றதை இடைவெளி பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

டொரன்டோ_தச்சன்:

பழைய ரம்பம் சொன்னது முழுக்கச் சரி. அதோடு ஒரு கணக்கையும் மனசில் வைத்துக்கொண்டால் கண்ணை மூடிக்கொண்டு முளையைத் தள்ளுகிற வேலை மிச்சமாகும்.

ஒரு பள்ளம் தொடங்கும் இடத்திலிருந்து அடுத்த பள்ளம் தொடங்கும் இடம் வரை ஒரு 'அடி' (நடக்கும் அடி மாதிரி, 12 இன்ச் அடி இல்லை) என்று வையுங்கள். பள்ளத்தின் அகலம் பிட் கொடுப்பது, அதை நீங்கள் மாற்ற முடியாது. அடியிலிருந்து பள்ளத்தைக் கழித்தால் மிஞ்சுவது விரல். முளையை 0.1 தள்ளினால் விரல் 0.1 தடிக்கும், பள்ளம் அப்படியே இருக்கும், அவ்வளவுதான் நடக்கிறது. விரல் பள்ளத்துக்குள் போகவில்லை என்றால் முளையைப் பிட் பக்கம் கொண்டு வாருங்கள், ஆடினால் விலக்குங்கள். பிழை சேர்ந்து சேர்ந்து கடைசியில் ஒரு மில்லி ஆகிவிடும் என்று பலர் பயமுறுத்துவார்கள். ஒரே ஜிக்கில், முளை ஆடாமல், இரண்டு பலகையையும் வெட்டினால் அது நடக்காது, ஏனென்றால் இரண்டு பலகையிலும் ஒரே அடிதான், சேர்ந்தே நகர்கின்றன. அடியில் பிழை இருந்தால் கடைசி விரல் முழுசாக வராமல் போகும், அவ்வளவே. அதனால்தான் பலகையைக் கொஞ்சம் அகலமாக வைத்து வெட்டிவிட்டு, பிறகு ஓரத்தைச் சீவ வேண்டும். உங்கள் 60 மி.மீ. பலகையில் இரண்டு பலகையின் விரலும் சேர்த்து 9 விரல், 57 மி.மீ. சொச்சம், மீதியைக் கீழ்ப்பக்கம் எடுத்துவிடுங்கள். ஒற்றைப்படை எண்ணிக்கை என்பதால் மேலும் கீழும் ஒரே மாதிரி முடியும்.

சோதனைக்கு இரண்டு துண்டு தேவையில்லை. ஒரு துண்டில் நாலு பள்ளம் வெட்டி, நடுவில் அறுத்து, ஒன்றை ஒன்றோடு கோத்துப் பாருங்கள்.

இப்போது நுணுக்கமாகத் தள்ளுவது எப்படி என்பது. நான் நெட்டுக்குத்துப் பலகையை இரண்டாகச் செய்தேன். பின்னால் ஒன்று ஸ்லெட்டில் அசையாமல் நிற்கும், முன்னால் முளையோடு சேர்ந்த இன்னொன்று, நீள ஓட்டைகளில் இரண்டு போல்ட் போட்டுப் பிடித்தது. முன்பலகையின் ஒரு முனையில் ஒரு திருகு முட்டித் தள்ளும். இங்கே கடையில் சுலபமாகக் கிடைப்பது இன்ச் திருகு, ஒரு சுற்றுக்கு 1.27 மி.மீ., கணக்குப் போட்டே ஓய்ந்துபோனேன். உங்களுக்கு அங்கே எம்6 போல்ட் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும், ஒரு சுற்று சரியாக 1 மி.மீ. போல்ட் தலையில் ஆறு முகம், ஒரு முகம் திருப்பினால் 0.17 என்று வைத்துக்கொள்ளலாம். எம்8 வாங்காதீர்கள், அதற்குச் சுற்றுக்கு 1.25. திருகு தள்ளும், இழுக்காது என்பதையும் மறக்க வேண்டாம். அதிகமாகத் தள்ளிவிட்டால் நன்றாகப் பின்னால் கொண்டுபோய் மறுபடி தள்ளிக்கொண்டு வர வேண்டும்.

புதுக்கை_இழைப்புளி:

இத்தனை பாடு எதற்கு? யூடியூபில் மரவேலை வீடியோ போடும் மத்தியாஸ் வான்டல் கனடாவில் மரப் பல்சக்கரம் வைத்து ஒரு ஜிக் செய்தாரே, கைப்பிடியைச் சுற்றினால் திருகு பலகையை அடி அடியாக நகர்த்தும், முளையே கிடையாது. அதைச் செய்துவிட்டால் எந்த அளவு விரலும் வெட்டலாம்.

டொரன்டோ_தச்சன்:

வெட்டலாம். அதன் பல்சக்கரங்களை அறுத்து முடிக்கவே எனக்கு இரண்டு குளிர்காலம் போனது. ஒரு அஞ்சறைப் பெட்டிக்கு அது வேண்டாம்.

காவிரிக்கரை:

ஜிக் சரியாகி, வெட்டும்போது கெட்ட கதை என்னுடையது, அதைச் சொல்கிறேன்.

ரூட்டர் தலைகீழாக நிற்கும்போது, மேலிருந்து பார்த்தால் பிட் இடஞ்சுழியாக ஓடும். நீங்கள் உங்களிடமிருந்து அப்பால் தள்ளும்போது பிட் பலகையை வலப்பக்கம் இழுக்கும். கையை இடப்பக்கம் அழுத்தினால் அதோடு மல்லுக்கட்டுகிறீர்கள், எப்போது அது ஜெயிக்கும் என்று தெரியாது. நீங்களும் வலப்பக்கமே அழுத்துங்கள், முடிந்தால் ஒரு கிளாம்ப் போட்டுவிடுங்கள். கோவைக்காரரின் வலம் இடம் குழப்பத்தில் பாதி இதனால்தான் வந்திருக்கும்.

12 மி.மீ. ஆழத்தை ஒரே ஓட்டத்தில் தேக்கில் எடுக்காதீர்கள். தேக்கில் சிலிக்கா இருக்கிறது, பிட்டின் முனையை மழுக்கிவிடும், மழுங்கின பிட் கருக்கும். ஒவ்வொரு பள்ளத்தின் நடுவிலும் கை ரம்பத்தால் ஒரு கீறல் போட்டு வேண்டாத மரத்தைக் குறைத்துவிட்டு ரூட்டருக்குக் கொடுத்தால் சத்தமே மாறிவிடும். முதல் தடவை நான் அப்படிச் செய்யவில்லை. பலகையின் பின்பக்கம் ஒரு விரல் அடியோடு பெயர்ந்து போனது. பின்னால் தாங்கல் பலகை இருந்தது, ஆனால் முளையைத் தள்ளித் தள்ளி அதிலிருந்த ஓட்டை அகலமாகிவிட்டது, பின் எங்கே தாங்கும்? அளவு மாற்றும் ஒவ்வொரு தடவையும் தாங்கலுக்குப் புதிதாக ஒரு மெல்லிய பிளைவுட் துண்டு மாட்டுங்கள்.

மழைக்காலம் வருகிறது, அதையும் யோசியுங்கள். ஐப்பசியில் ஒரு பெட்டிக்கு இரண்டு பலகையை வெட்டி வைத்துவிட்டு, மற்ற இரண்டைப் பத்து நாள் கழித்து வெட்டினேன். 200 மி.மீ. அகலப் பலகை, ஈரக்காற்றில் அரை மில்லிக்கு மேல் உப்பியிருந்தது. விரல்கள் பலகையின் அகலத்தில் வரிசையாக நிற்பதால் உப்பல் முழுக்க அவற்றின் மேல்தான் விழும். உங்களுடையது 60தான், அவ்வளவு பயமில்லை, ஆனாலும் நாலு பலகையையும் ஒரே நாளில் வெட்டிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. தள்ளி முடிக்கும்போது பிட் நெட்டுக்குத்துப் பலகையின் பின்னால் எட்டிப் பார்க்கும், உங்கள் கட்டை விரல் இருக்கிற இடமும் அதுதான். பின்பக்கம் ஒரு கட்டையை ஒட்டி அந்த இடத்தை மூடிவிடுங்கள். நான் என்னுடையதற்குச் சிவப்பு பெயின்ட் அடித்திருக்கிறேன்.

கோவை_மரத்தூள்:

எல்லாருக்கும் நன்றி. மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது, அதனால்தான் தாமதம்.

பக்கத்துத் தெரு லேத் பட்டறையில் வெர்னியர் இரவல் வாங்கி அளந்தேன். பள்ளம் 6.42. அளந்து கொடுத்த தம்பி என் அலுமினியக் கம்பியையும் அளந்துவிட்டு, "இது 5.95 சார்" என்று ஒரு சிரிப்பு சிரித்தார். காம்பு கால் இன்ச், காலெட்டும் கால் இன்ச்தான், அது ஒன்றாவது சரியாக இருந்தது.

உடைந்த கொட்டாப்புளி ஒன்று கிடந்தது, புளியமரம், கைப்பிடியை எடுத்துக் குச்சி இழைத்தேன். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் அதற்கே ஆனது. ஒரு சீவல் எடுப்பது, பள்ளத்தில் வைத்துப் பார்ப்பது, இன்னொரு சீவல், மறுபடி பார்ப்பது. முதல் குச்சி ஒரு சீவல் அதிகமாகப் போய் லூசாகிவிட்டது, இரண்டாவதுதான் நின்றது. முன்பலகையை எம்6 வைத்துத் தள்ளும்படி மாற்றினேன். முதல் சோதனையில் விரல் உள்ளேயே போகவில்லை. ஒரு முகம் திருப்பினேன், தட்டினால் போனது. இன்னும் அரை முகம், கையால் அழுத்தினால் போனது. இங்கே நிறுத்தலாமா என்று யோசித்து நிறுத்திவிட்டேன்.

நேற்று தேக்கில் வெட்டினேன். நாலு மூலையும் ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டினதும் உட்கார்ந்தன. ஒரு மூலையில் மட்டும் பின்பக்கம் சின்னப் பெயர்வு, அது தாங்கல் துண்டு மாற்ற மறந்த இடம், காவிரிக்கரை மன்னிக்கவும்.

இன்னும் ஒட்டவில்லை, இரண்டு சந்தேகம் இருக்கிறது. ஃபெவிகால் தடவினால் இதே டைட் போதுமா? அப்புறம் அடிப்பலகைக்குக் காடி எடுத்தால் மூலையில் ஓட்டை தெரியுமே, அதற்கு என்ன செய்வது?

பழைய_ரம்பம்:

ஃபெவிகாலில் தண்ணீர் இருக்கிறது, தடவின கொஞ்ச நேரத்திலேயே விரல் உப்ப ஆரம்பிக்கும். கையால் அழுத்தினால் போகிற அளவு சரி, அதற்கு மேல் டைட் வேண்டாம். ஒரு மூலைக்குத் தடவி முடிக்கும்போது இன்னொரு மூலை காயத் தொடங்கிவிடும், அதனால் கூட ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள்.

காடி நாலு பலகையிலும் ஓட்டையாகத் தெரியாது. அடிப்பலகை வரும் உயரத்தில் எந்த ஜோடிப் பலகைக்கு விரல் இருக்கிறதோ, அதன் முனையில்தான் தெரியும். மற்ற ஜோடியில் அந்த இடம் பள்ளம், எதிர்ப் பலகையின் விரல் வந்து மூடிவிடும். ஆக மொத்தம் நாலு ஓட்டை. அந்தத் தேக்கிலேயே ஒரு சின்னத் துண்டு செதுக்கி அடைத்து, காய்ந்ததும் இழைத்துவிடுங்கள். ரேகை பார்த்து வைத்தால் அம்மா கண்ணுக்கே தெரியாது.

கோவை_மரத்தூள்:

அம்மா கண்ணுக்குத் தெரியும் அண்ணே. நேற்று ஒட்டாமல் கோத்து வைத்ததைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது ஏன் இங்கே மட்டும் பிய்ந்திருக்கு" என்று அந்த ஒரு மூலையைத்தான் கேட்டார்.