ரெண்டு ஆல்ஃபா கிட்டை சேர்த்து டூ-ஸ்டேஜ் ராக்கெட் கட்டினோம், மேல் ஸ்டேஜ் பத்திக்கவே இல்ல, எங்க தப்பு?

டல்லாஸ் அப்பா:
வணக்கம் எல்லாருக்கும். வீட்ல எஸ்டெஸ் கம்பெனியோட ஆல்ஃபா மாடல் ராக்கெட் கிட் ரெண்டு பிரிக்காம கிடந்துச்சு, மரத்துல ஃபின் வர்ற மாடல். பொண்ணு ஏழாவது படிக்கிறா, ரெண்டையும் ஒண்ணுமேல ஒண்ணு வச்சு கட்டலாமான்னு கேட்டா, ரெண்டும் ஒரே பிடி-50 சைஸ் குழாய்தானே சரின்னு கீழ் ராக்கெட்டுக்கு மூக்கு மட்டும் வைக்காம நடுவுல கப்ளர் (ரெண்டு குழாயையும் இணைக்கிற சின்ன உள்குழாய்) போட்டு சேர்த்துட்டோம். கப்ளருக்கு இடம் வேணும்னு மேல் ஸ்டேஜோட மோட்டார் மவுண்டை (மோட்டார் உட்கார்ற கூட்டை) 2 செ.மீ உள்ள தள்ளி ஒட்டினேன். மோட்டார் கீழ சி6-0, மேல சி6-7 (எழுத்து மோட்டாரோட பலம், கடைசி எண் எரிஞ்சு முடிஞ்சு எத்தனை செகண்ட் கழிச்சு பாராசூட்டை தள்ளும்னு). போன சனிக்கிழமை கிளப் லான்ச்ல விட்டோம். நல்லாதான் கிளம்பிச்சு, காத்து வர்ற பக்கமா கொஞ்சம் சாய்ஞ்சுது, பூஸ்டர், அதாவது கீழ் ஸ்டேஜ், எரிஞ்சு முடிஞ்சதும் "டப்"னு ஒரு சத்தம், ரெண்டும் பிரிஞ்சுது, ஆனா மேல் ஸ்டேஜ் பத்தல. அப்படியே தலைகீழா வந்து ஈர மண்ணுல குத்தி நின்னுச்சு, குழாய் பாதி நசுங்கிடுச்சு. மோட்டாரை வெளிய எடுத்து பார்த்தா நாசில்ல (நெருப்பு வெளிய வர்ற துளையில) கரி கூட படியல. பொண்ணு முகத்தை பார்க்க முடியல. அடுத்த லான்ச் மூணு வாரத்துல இருக்கு, எதை மாத்தணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஹூஸ்டன் பெரியவர்:
தம்பி, கரி படியலன்னு சொன்னீங்களே, விடை அதுலயே இருக்கு. பூஸ்டர்ல இருந்து நெருப்பு மேல போய் சேரவே இல்ல.

சி6-0வோட மேல் முனையை ஒருதரம் உத்து பாருங்க. சி6-5, சி6-7 எல்லாத்துக்கும் மேல களிமண் மூடி இருக்கும், இதுல அது கிடையாது, கருமருந்து அப்படியே தெரியும். பாராசூட் வரைக்கும் காத்திருக்க வைக்கிற டிலே மருந்தும் இல்ல, பாராசூட்டை தள்ற சார்ஜும் இல்ல. மருந்து ஊதுபத்தி மாதிரி ஒரு முனையில இருந்து மறு முனைக்கு எரிஞ்சுகிட்டே வருது, கடைசி மெல்லிசு தகட்டை உடைச்சுகிட்டு சூடான வாயுவும் நெருப்பு துணுக்கும் மேல பாயுது, அது மேல் மோட்டாரோட நாசிலுக்குள்ள போய் பத்த வைக்குது, அவ்வளவுதான் விஷயம். உங்க கதையில ஆல்ஃபா குழாய் கிட்டத்தட்ட 20 செ.மீ, மோட்டார் 7 செ.மீ, அப்போ நடுவுல அரை சாண் நீளத்துக்கு மேல வெறும் காத்து அடைஞ்சு கிடக்கு. வாயு பாயும்போது முதல்ல அந்த குளிர்ந்த காத்து அழுந்தி பிஸ்டன் மாதிரி மேல் ஸ்டேஜை தள்ளி விட்டுடுச்சு. நீங்க கேட்ட "டப்" அதான். நெருப்பு வந்து சேர்றதுக்குள்ள ஆள் கிளம்பியாச்சு.

இதுக்கு ரெண்டு வழி இருக்கு. குழாய் நீளமாவே வேணும்னா பூஸ்டரோட மேல் முனைகிட்ட, கப்ளருக்கு சரியா கீழ, எதிர் எதிரா 6 மி.மீ ஓட்டை ரெண்டு போடுங்க, அடைஞ்ச காத்து அது வழியா வெளியேறும், பின்னாடி வர்ற நெருப்பு நாசிலை தொடும். ஆனா நான் உங்களுக்கு சொல்றது அடுத்த வழி, பூஸ்டர் குழாயை 8 செ.மீக்கு வெட்டிடுங்க. மேல் குழாய் எப்படியும் புதுசா கட்டணும்ல, அப்போ மோட்டார் ஒரு செ.மீ வெளிய நீட்டிகிட்டு இருக்கிற மாதிரி கட்டுங்க, அந்த நீட்டல்தான் பூஸ்டரோட மவுண்டுக்குள்ள போய் உட்காரும். மேல் மோட்டாரை பிடிக்கிற கம்பி ஊக்கு வேண்டாம், பூஸ்டர்ல ஊக்கு, மோட்டார் மேல நகராம தடுக்க உள்ள இருக்கிற த்ரஸ்ட் ரிங் ரெண்டையும் எடுத்துடுங்க. ரெண்டு மோட்டாரையும் முனைக்கு முனை ஒட்ட வச்சு செலோ டேப் ஒரே ஒரு சுத்து, ரெண்டு சுத்து வேண்டாம், ஒரு சுத்துதான் சரியா எரிஞ்சு விடும். மோட்டார் குழாய்க்குள்ள ஆடாம இருக்க மாஸ்கிங் டேப் சுத்தி இறுக்கிக்கோங்க.

இன்னொண்ணு, மண்ணுல குத்தின அந்த சி6-7ஐ திரும்ப பயன்படுத்தாதீங்க. உள்ள மருந்து விரிசல் விட்டிருந்தா பத்தும்போது கேஸே வெடிச்சிடும். தண்ணில ஊறப்போட்டு கரைஞ்சதும் தூக்கி போடுங்க.

கொலராடோ அக்கா:
பெரியவர் சொன்னது அத்தனையும் சரி. நான் அந்த சாய்வை பத்தி சொல்றேன், ஏன்னா அடுத்த தடவை மேல் ஸ்டேஜ் பத்திக்கும், அப்போ அது சாய்ஞ்ச பக்கமே பத்திகிட்டு போச்சுன்னா இதைவிட பயங்கரம்.

சி6 ஆரம்பத்துல 14 நியூட்டன் வரைக்கும் ஒரு உதை விடும், அப்புறம் 5 நியூட்டன் பக்கம் இறங்கிடும், மொத்தம் ரெண்டு செகண்ட் கிட்ட எரியும். சி6-0க்கு எஸ்டெஸ் சொல்ற அதிகபட்ச எடை 113 கிராம். ஆல்ஃபா ஒண்ணு 34 கிராம், பூஸ்டரும் கப்ளரும் 25ன்னு வச்சுக்கோங்க, மோட்டார் ரெண்டும் சேர்ந்து 45க்கு மேல, ஆக விளிம்புலதான் நிக்கிறீங்க. மெதுவா கிளம்புற ராக்கெட் காத்துக்கு எதிரா திரும்பத்தான் செய்யும், அந்த ரெண்டு செகண்டும் திரும்பிகிட்டே இருக்கும். முதல் தடவை கீழ பி6-0, மேல ஏ8-5 போடுங்க. பி6 ஒரு செகண்டுக்குள்ள எரிஞ்சிடும், தாழ்வாவும் நேராவும் இருக்கும்போதே ஸ்டேஜ் மாறிடும், பொண்ணும் கண்ணால பார்க்கலாம்.

அடுத்தது பேலன்ஸ். மோட்டார் எல்லாம் போட்டு, பாராசூட்டை மடிச்சு வச்சு, முழு ராக்கெட்டையும் ஒரு நூல்ல தொங்க விட்டு எடை மையம் எங்கன்னு குறிச்சுக்கோங்க. அது அழுத்த மையத்துக்கு (காத்தோட தள்ளல் மொத்தமும் விழுற புள்ளிக்கு) முன்னாடி குறைஞ்சது ஒரு குழாய் விட்டம், அதாவது உங்களுக்கு 25 மி.மீ இருக்கணும். கீழ ஒரு மோட்டார் கூடுதலா தொங்குறதால எடை மையம் பின்னாடி இழுக்கும், அதனாலதான் கடையில வர்ற டூ-ஸ்டேஜ் கிட்ல பூஸ்டர் ஃபின் பெருசா இருக்கும். நீங்க ரெண்டுக்கும் ஒரே சைஸ் ஃபின் வச்சிருக்கீங்க. ராக்கெட் வரைஞ்சு கணக்கு பார்க்கிற ஓப்பன்ராக்கெட் சாஃப்ட்வேர் இலவசம்தான், இறக்கி ரெண்டு ஸ்டேஜையும் வரைஞ்சு பாருங்க, முழு ராக்கெட்டுக்கு ஒரு தடவை, மேல் ஸ்டேஜ் தனியா ஒரு தடவை. ரெண்டாவதை நிறைய பேர் விட்டுடுறாங்க. அந்த 25 மி.மீ வரலன்னா மூக்குக்குள்ள களிமண் வச்சு அடைங்க.

கோயம்புத்தூர் மாணவன்:
அண்ணா, அக்கா, இங்க எனக்கு இந்த மோட்டார் எங்கயும் கிடைக்கல. பட்டாசு மருந்தை பேப்பர் குழாய்ல இடிச்சு அடைச்சு செய்யலாமா?

ஹூஸ்டன் பெரியவர்:
வேண்டாம் தம்பி, தயவு செஞ்சு வேண்டாம். இடிக்கும்போதே பத்திக்கும், விரலும் கண்ணும் போனா திரும்ப வராது. அமெரிக்காவுல 1950கள்ல பசங்க இப்படி வீட்லயே மருந்து அடைச்சு கை கால் இழந்ததாலதான் கடை மோட்டாரே வந்துச்சு. சோடா பாட்டில்ல தண்ணி ஊத்தி சைக்கிள் பம்ப் அடிச்சு வாட்டர் ராக்கெட் விடு, பேலன்ஸ், ஃபின், சாய்வு எல்லாமே அதுலயும் இதே கணக்குதான்.

டல்லாஸ் அப்பா:
நேத்து விட்டுட்டு வந்தோம், சொல்லாம இருக்க முடியல. பூஸ்டரை 8 செ.மீக்கு வெட்டினோம், பூஸ்டர் ஃபின்னை மட்டும் பால்சா பலகையில பெருசா வெட்டி மாத்தினோம், அப்பவும் ஓப்பன்ராக்கெட்ல 25 மி.மீ வரல, மூக்குல 6 கிராம் களிமண் வச்சதும்தான் வந்துச்சு. மோட்டார் டேப்பை பொண்ணேதான் ஒட்டினா, ஒரே சுத்து. பட்டனை அமுக்கினதும் ஒரு புகைக் கோடு, அது நின்ன இடத்துலயே இன்னொரு கோடு மேல போச்சு, நடுவுல இடைவெளியே தெரியல. பூஸ்டர் பம்பரம் மாதிரி சுத்திகிட்டே பக்கத்துலயே விழுந்துச்சு, எடுத்து பார்த்தா மோட்டார் ஓரத்துல அந்த செலோ டேப் சுருண்டு பழுப்பா ஒட்டிகிட்டு இருக்கு. அதை பிய்க்கக் கூடாதுன்னு சொல்லிட்டா, அப்படியே அவ மேஜைல இருக்கு. மேல சி6-7 எப்போ போடலாம் அக்கா?

கொலராடோ அக்கா:
ரொம்ப சந்தோஷம்! முதல்ல மேல பி6-6 போட்டு ஒரு தடவை விடுங்க, பாராசூட்டுக்கு பதிலா ஸ்ட்ரீமர் (நீள ரிப்பன்) கட்டுங்க, இல்லன்னா காத்து அடுத்த ஊருக்கே கொண்டு போயிடும். சி6-7க்கு பெரிய மைதானமும் காத்து இல்லாத காலை நேரமும் வேணும், உங்க கவுண்டில பர்ன் பேன் (வெளிய தீ மூட்டத் தடை) இருக்கான்னும் பார்த்துக்கோங்க.