வெள்ளவத்தை வீட்டுக் குழு: அணிலும் விஷ்ணு கல்லும்

ஞாயிறு, காலை 8.04

அண்ணா: (படம்) அமெரிக்காவில கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கின்ர தென்விளிம்பில நிக்கிறன். இங்க இன்னும் சனி பின்னேரம் ஏழரை. பொழுதுபடப் போகுது.

அம்மா: கடவுளே, கம்பி வேலி ஒண்டும் இல்லையே! பின்னால வாடா.

அண்ணா: ஸூம் பண்ணி எடுத்தது அம்மா.

சித்தி: எவ்வளவு நீளம்?

மாமா: 446 கிலோமீற்றர். பருத்தித்துறையில இருந்து தேவேந்திரமுனைக்கு நேர்கோடு போட்டாலும் அவ்வளவு வராது. ஆழம் 1.6 கிலோமீற்றர். தம்பி நிக்கிற விளிம்பு நுவரெலியாவை விட உயரம்.

அண்ணா: அந்த உயரத்தில கல்லுக்குள்ள கடல் சிப்பி மாமா! என்ர நகமளவு, வரி வரியாத் தெரியுது.

மாமா: 27 கோடி வருசத்துக்கு முந்தி அது கடலடி. பிறகுதான் நிலம் மேல எழும்பினது.

அண்ணா: விளிம்போட ஒரு நடைபாதை இருக்கு, ஒரு மீற்றர் நடந்தா 10 லட்சம் வருசம். கீழ இருந்து கொண்டுவந்த கல்லுகளையும் வழிநெடுக வச்சிருக்கினம், தொட்டுப் பாக்கலாம். ஆக அடியில உள்ள கறுப்புக் கல்லுக்குப் பேர் விஷ்ணு. 170 கோடி வருசம்.

அம்மம்மா: விஷ்ணுவோ? கோயிலும் இருக்கோ ராசா?

அண்ணா: விஷ்ணு கோயில், சிவன் கோயில், பிரம்மா கோயில் எல்லாம் இருக்கு அம்மம்மா. ஆனா எல்லாம் வெறும் குன்று. டட்டன் எண்ட புவிச்சரிதவியலாளர் அந்தக் காலத்தில இப்பிடிப் பேர் வைக்கத் தொடங்கினவர்.

அம்மம்மா: அப்ப பூசை இல்லை.

நான்: 170 கோடி வருசமா கொலராடோ ஆறு இந்தப் பள்ளத்தை வெட்டிக்கொண்டு இருக்கோ?

மாமா: இல்லைப் பிள்ளை. கல்லுத்தான் பழசு, பள்ளம் புதுசு. ஆறு இவ்வளவுக்கு வெட்டினது ஒரு 50, 60 லட்சம் வருசத்துக்குள்ள. பாலைவனத்து ஆறெண்டாலும் தண்ணி வாறது றொக்கி மலைப் பனி உருகி.

சித்தி: கொலராடோ எண்டா செந்நிறமாம். படத்தில பச்சையா எல்லோ கிடக்கு?

மாமா: 1963இல மேல கிளென் கன்யன் அணையை மூடினதில இருந்து சேறு அங்கேயே தங்கிடுது. கனகாலமாக் கீழ வந்தது அணையின்ர ஆழத்துத் தண்ணி, சரியான குளிர். செம்மண் கலங்கின இளஞ்சூட்டுத் தண்ணியில பெருகின கூன்முதுகு மீனுக்கு அது ஒத்துவரேல்லை. எனக்கு இந்தப் பச்சையைப் பாக்க வடிவாத் தெரியேல்லை.

அம்மா: அதிருக்கட்டும், சாப்பிட்டியோ?

அண்ணா: நீங்கள் தந்துவிட்ட உறைப்பு மிக்சரை மடியில வச்சிட்டுப் படம் எடுத்தன். ஒரு அணில் பையோட இழுத்துக்கொண்டு போயிட்டுது. சாப்பாடு குடுக்கக் கூடாதெண்டு பக்கத்திலயே பலகை, எல்லாரும் என்னைத்தான் முறைக்கினம்.

அம்மம்மா: அதுக்கு உறைக்கேல்லையோ?