ஸ்டெல்வியோ கணவாய்: லக்கேஜோட ஒரே நாள்ல சைக்கிள்ல ஏறி இறங்க முடியுமா?

கேள்வி

வணக்கம் மக்களே, ஜூலை கடைசில வடக்கு இத்தாலி போறேன், ஸ்டெல்வியோ அடிவாரத்துல இருக்குற பிராட்டோ ஊர்ல ரெண்டு ராத்திரி தங்கல். அங்கருந்து ஸ்டெல்வியோ ஏறணும்னு பல வருஷ ஆசை. 48 கொண்டை ஊசி வளைவு, உச்சி 2757 மீட்டர். கொல்லிமலை 70 வளைவ ரெண்டு தடவ ஏறிருக்கேன், அத வச்சுப் பாத்தா முடியும்னுதான் தோணுது, ஆனா இந்த தடவ கேரியர்ல ரெண்டு பை, 12 கிலோ வரும். முன்னாடி சின்ன பல்சக்கரம் 34 பல், பின்னாடி பெருசு 28 பல். போதுமா? எத்தன மணிக்கு கிளம்பணும்?

பதில் 1

வளைவு எண்ணிக்கைய வச்சு ஒப்பிடாதீங்க ப்ரோ. பிராட்டோ கிட்டத்தட்ட 900 மீட்டர்ல இருக்கு, அங்கருந்து 24 கிலோமீட்டர் சொச்சத்துல 1800 மீட்டருக்கு மேல ஏறணும், காலுக்கு ஓய்வு குடுக்க சமதளம்னு ஒண்ணு கிடைக்காது. அந்த 12 கிலோ எதுக்கு? ரெண்டு ராத்திரி தங்குறீங்கல்ல, பைய ரூம்லயே வச்சிட்டு போங்க. நீங்க 70, சைக்கிள் 10னு வச்சாலும் லக்கேஜ் சேந்தா 15 சதவீதம் எடை கூடுது, ஏத்தத்துல நேரமும் ஏறக்குறைய அதே அளவு கூடும், மூணு மணி நேரம் மூணரை ஆகிடும். பின்னாடி 32 இல்லன்னா 34 பல் போட்டுக்கோங்க, உங்க டிரெயிலியர் (பின்னாடி செயின கியர் மாத்துற பாகம்) அத தாங்குமான்னு கடைல கேட்டுட்டு.

முக்கியமான விஷயம், வழில வர்ற கொமாகோய் ஊர் வரைக்கும் ஆத்தோரமா போற ரோடு, வளைவே இருக்காது, ஈசியா இருக்கேன்னு அங்க அழுத்திட்டா பின்னாடி அனுபவிப்பீங்க. வளைவுல கல்லுல நம்பர் இருக்கும், 48ல ஆரம்பிச்சு குறைஞ்சுகிட்டே வரும். அப்புறம் பிரான்சென்ஸ்ஹோகேன்னு ஒரு இடம், 2188 மீட்டர், அங்க மரமெல்லாம் முடிஞ்சு மேல பாத்தீங்கன்னா மிச்சமிருக்குற ரோடு மொத்தமும் மலைச்சுவர்ல மடிச்சு வச்ச கயிறு மாதிரி தெரியும், உச்சில இருக்குற கட்டடம் தீப்பெட்டி அளவு. எனக்கு நெஞ்சு அடைச்ச இடம் அதான். நின்னு ஒரு வாழைப்பழம் சாப்பிட்டு, தண்ணி குடிச்சிட்டு, இடதுபக்கம் ஓர்ட்லர் மலையோட பனிய பாத்துட்டு அப்புறம் ஏறுங்க.

பதில் 2

இந்த ரோடு 1820கள்ல ஆஸ்திரியாக்காரங்க லொம்பார்டிக்குப் போக போட்டது, இஞ்சினியர் கார்லோ டொனெகானி, 1825ல திறந்தாங்க. குதிரை வண்டி ஏறணுமேன்னு சரிவ அளவா வச்சதாலதான் இத்தன வளைவு, அதனால நமக்கும் ஒரே தாளத்துல மிதிக்க வசதி. 1953ல ஜிரோ டி இத்தாலியா சைக்கிள் பந்தயம் முதல் தடவ இதுல வந்தப்ப இத்தாலி வீரர் கோப்பி இங்கதான் சுவிஸ் வீரர் கோப்லெட்ட பின்னாடி விட்டுட்டுப் போய், முதலிடத்துல இருக்குறவருக்கான இளஞ்சிவப்பு ஜெர்சிய பிடிச்சாரு.

காலைல 7க்கே கிளம்பிடுங்க, 10 மணிக்கு மேல மோட்டார் பைக் கூட்டம் தாங்காது, ஞாயித்துக்கிழமை போகவே வேணாம்.

பதில் 3

எல்லாரும் ஏத்தத்தப் பத்தியே பேசுறீங்க, எனக்கு கஷ்டம் வந்தது இறக்கத்துலதான். உச்சில கீழ விட 12 டிகிரி கம்மியா இருக்கும், வேர்வைல நனைஞ்ச ஜெர்சியோட அப்படியே இறங்குனா பத்தாவது நிமிஷம் விரல் மரத்து பிரேக் பிடிக்க வராது. முழுக்கை ஜாக்கெட்டும் முழு விரல் க்ளவுஸும் கண்டிப்பா வேணும். ரிம் பிரேக்னா (சக்கர விளிம்ப கட்டையால பிடிக்கிறது) விடாம பிடிச்சிட்டே வராதீங்க, வளைவுக்கு முன்னாடி ரெண்டும் சேத்து நல்லா அழுத்தி விட்டுடுங்க. நான் பிடிச்சிட்டே வந்து, நிறுத்தி ரிம்ம தொட்டா விரல் சுட்டிடுச்சு, ட்யூப்ல ஒட்டிருந்த பேட்ச் சூட்டுல கழண்டு காத்து போயிடுச்சு.

வந்த வழியே இறங்காதீங்க தம்பி. உச்சிலருந்து மறுபக்கம், போர்மியோ ஊர் பக்கம் மூணு கிலோமீட்டர் இறங்கி வலது பக்கம் திரும்புனா உம்ப்ரைல் கணவாய், அதத் தாண்டினா சுவிட்சர்லாந்து. சாண்டா மரியா, முஸ்டைர், குளோரென்சான்னு ஊர்கள் வழியா சுத்தி பிராட்டோவுக்கே வந்திடலாம், கூட்டம் ரொம்ப கம்மி. ஷெங்கன் விசா அங்கயும் செல்லும், பாஸ்போர்ட் மட்டும் கையில இருக்கட்டும். ஐரோப்பிய யூனியன் சிம்னா சுவிஸ்ல ரோமிங் காசு தனியா பிடிக்கலாம், மேலயே டேட்டாவ ஆஃப் பண்ணிட்டு மேப்ப முன்னாடியே இறக்கி வச்சுக்கோங்க.

கேள்வி கேட்டவர்

ரொம்ப நன்றிண்ணே, எல்லாருக்கும்தான். பைய ரூம்லயே வைக்கிறேன், இந்த வாரமே 32 மாத்திடுறேன். உம்ப்ரைல் வழிதான் இறங்கப் போறேன். என்னோடதும் ரிம் பிரேக்தான், பேட்ச் போட்ட ட்யூப் ரெண்டையும் இன்னைக்கே கழட்டிட்டு புதுசு போட்டுடுறேன்.