நடுகல் பாக்கப் போற மரபு நடையில ஊர்க்காரங்க கோவிச்சுக்கிட்டாங்க, எப்படிச் சரி பண்றது?

செங்கம் சைக்கிள்காரன் (கேள்வி)

வணக்கம் எல்லாருக்கும். நாங்க செங்கம் பக்கத்துல ஒரு ஆறேழு பேர். ஒருத்தர் உரக்கடை வச்சிருக்கார், ஒருத்தர் போஸ்ட்மேன், ரெண்டு பேர் காலேஜ் பசங்க, நான் ஒரு ஸ்கூல்ல லேப் அசிஸ்டென்ட், யாரும் வரலாறு படிச்சவங்க கிடையாது. ஆனா எங்க சுத்துப்பட்டுல எந்தப் பக்கம் போனாலும் நடுகல்தான், அதாவது சண்டையில செத்த வீரனுக்கு அந்தக் காலத்துல நட்ட கல்லு, ஏரிக்கரையில இருக்கும், வரப்பு ஓரத்துல இருக்கும், சீமைக்கருவேலம் புதருக்குள்ள இருக்கும். பல்லவ ராஜாங்க சிம்மவிஷ்ணு பேரும் மகேந்திரவர்மன் பேரும் வட்டெழுத்துங்கற பழைய எழுத்துல வெட்டுன கல்லெல்லாம் எங்க தாலுக்காவுல இருக்கு, அத எங்க ஊர்ப் பசங்களே பாத்ததில்ல. அதனாலதான் மாசத்துல ரெண்டாவது ஞாயித்துக்கிழமை காலைல ஆறரைக்கு கெளம்புற மாதிரி மரபு நடைன்னு ஆரம்பிச்சோம். மொத மாசம் எட்டு பேர், அடுத்த மாசம் பதினாலு பேர்.

மூணாவது நடைக்கு வாட்சப் ஸ்டேட்டஸ் பாத்துட்டு முப்பது பேருக்கு மேல வந்துட்டாங்க. எங்களுக்கு ஒரே சந்தோஷம். ஒரு புங்கமரத்தடில வேடியப்பன்னு கும்பிடற கல்லு, எண்ணெய் ஊத்தி ஊத்தி கருகருன்னு இருக்கும், நெத்தில மஞ்சள் குங்குமம். எழுத்து போட்டோல தெரியலன்னு புதுசா வந்த ஒருத்தர் பையிலேர்ந்து மைதா பாக்கெட்ட எடுத்து கல்லு முழுக்கத் தேச்சுட்டார், நாங்க பின்னாடி நின்னு பேசிட்டு இருந்ததால கவனிக்கல. அந்நேரம் பாத்து ஆடு ஓட்டிட்டு வந்த ஒரு வயசான அம்மா பாத்துட்டாங்க. "எங்க சாமி மூஞ்சில மாவப் பூசறீங்களே, உங்க வூட்டு சாமிக்கு இப்படிப் பண்ணுவீங்களா"ன்னு கேட்டாங்க பாருங்க, யாருக்கும் பதில் வரல. ஊர்ல நாலு பேர் கூடி எங்கள அனுப்பிட்டாங்க. போறதுக்கு முன்னாடி குடத்துல தண்ணி வாங்கி நாங்களே கழுவி விட்டோம், ஆனா எழுத்துக் குழிக்குள்ள போன மாவு முழுசா போகல. எனக்கு மூணு நாள் சரியா தூக்கம் இல்ல.

இப்ப கேக்கறது இதுதான். அந்த ஊருக்குத் திரும்பப் போறது எப்படி? நடை தவிர வேற என்ன நிகழ்ச்சி நடத்தலாம்? அப்புறம் இன்னொரு ஊர்ல நடுகல்லுக்கு டைல்ஸ் ஒட்டி எனாமல் பெயின்ட் அடிக்கப் போறாங்களாம், அதுக்கு என்ன பண்ணலாம்? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

வடக்குமாசி

தம்பி, மொதல்ல மனசத் தேத்திக்கங்க, கழுவிவிட்டுட்டு வந்தீங்கள்ல, அதுவே பாதி.

நான் மதுரக்காரன். இங்க 2010ல யானைமலைய சிற்ப நகரமா ஆக்கப்போறேன்னு ஒரு திட்டம் வந்துச்சு, மலையடி ஊர்க்காரங்கதான் மொதல்ல எதுத்து நின்னாங்க. அதையொட்டித்தான் பசுமை நடைன்னு ஒண்ணு ஆரம்பிச்சு மாசாமாசம் சமணர் குன்று, தமிழி (தமிழ் பிராமிங்கற பழைய எழுத்து) வெட்டுன பாறைன்னு ஒவ்வொண்ணா கூட்டிட்டுப் போக ஆரம்பிச்சாங்க. நான் மாங்குளம், அரிட்டாபட்டி, கீழக்குயில்குடின்னு நிறைய நடைக்குப் போயிருக்கேன். அதுல நான் கத்துக்கிட்டது ஒண்ணு, நடை முடிஞ்சு மரத்தடில எல்லாரும் உக்காந்து சாப்புடுற அந்த அரைமணி நேரம் இருக்கே, அதுலதான் காரியமே நடக்குது. ஊர்ப் பெருசுங்க வந்து நிக்கும், நீங்க எந்த ஊருன்னு கேக்கும், நாம அவங்கள உக்கார வச்சு ஒரு இலையப் போட்டா அவங்களே கதைய அவுத்து விடுவாங்க.

கீழக்குயில்குடி மலையில செட்டிப்புடவுன்னு ஒரு குகை, உள்ள சமணத் தீர்த்தங்கரர் உக்காந்திருக்கார். காது நீளமா தொங்குறதப் பாத்துட்டு ஊர்ல அவர செட்டியார்னு சொல்லுவாங்க, அதான் செட்டிப்புடவு. மொத தடவ கேட்டப்ப "அய்யய்ய தப்பாச் சொல்றாங்களே"ன்னு எனக்குத் தோணுச்சு, இப்ப அப்படித் தோணல. அந்தப் பேர வச்சுத்தான் அவங்க அந்தக் குகைய இத்தன வருஷம் ஞாபகத்துல வச்சிருக்காங்க. நீங்களும் அந்த ஊர்ல போயி இது வேடியப்பன் இல்ல நடுகல்லுன்னு ஆரம்பிச்சுறாதீங்க. வேடியப்பனும் அதேதான்.

அடுத்த வாட்டி முப்பது பேரோட போகாதீங்க, ரெண்டே பேரு போங்க, வேலநாள்ல போங்க, கேமரா கொண்டு போக வேணாம். வெத்தல பாக்கு, சாமிக்கு ஒரு மால, அவ்வளவுதான்.

பழங்கல்

செங்கம் என்று பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, நான் தமிழாசிரியரா இருந்து ரிட்டயர் ஆனவன், இருபது வருஷமா கல்வெட்டு படிக்கிறேன். இனி பேச்சு வழக்குலயே எழுதறேன்.

உங்க பக்கத்துல எடுத்தனூர் கல்லு இருக்கே, அது ஒண்ணு போதும் தம்பி, ஒரு ஸ்கூலையே உக்கார வச்சு ஒரு மணி நேரம் பேசலாம். மகேந்திரவர்மனோட 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது 7ஆம் நூற்றாண்டு. கருந்தேவகத்தின்னு ஒரு வீரன் எருமை மந்தையக் காப்பாத்தப் போய் செத்துப்போறான், கல்லுல அவன் உருவம், பக்கத்துல ஒரு நாய். அந்த நாய்க்கும் தனியா எழுத்து வெட்டியிருக்கான். அதோட பேரு கோவிவன், அது கள்ளனக் கடிச்சுக் காவல் காத்து நின்னுச்சுன்னு எழுதியிருக்கு. ஆயிரத்து நானூறு வருஷம் ஆகுது, ஒரு நாயோட பேரு நமக்குத் தெரியுது, அந்த ஊர்ல அப்ப வாழ்ந்த மத்தவங்க எத்தன பேரோட பேரு தெரியும்? இத நான் பிள்ளைங்ககிட்டச் சொல்றப்ப ஒவ்வொரு தடவையும் என் குரல் கம்மிடும்.

மைதா விஷயத்துக்கு வர்றேன். மைதா, சாக்பீஸ், சுண்ணாம்பு, வெள்ளப் பவுடர் எதுவும் வேணாம். மாவு குழிக்குள்ள தங்கி ஈரம் புடிச்சு பூஞ்சையும் எறும்பும் வரும், சாக்பீஸ்ல எழுத்து மேல கோடு இழுக்கறப்ப நாம இல்லாத எழுத்த இருக்கற மாதிரி எழுதிடுவோம், அடுத்து வர்றவன் அத நம்பிப் படிப்பான். கம்பி பிரஷ்ஷப் பக்கத்துலயே சேக்காதீங்க. இப்ப உள்ள இருக்கற மாவ எடுக்கறதுக்கு ஊர்க்காரங்க சம்மதிச்சா வெறும் தண்ணியும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும், சோப்பு வேணாம், அவசரமும் வேணாம்.

எழுத்து தெரியணும்னா ராத்திரி போங்க. செல்போன் டார்ச்ச கல்லுக்கு நேரா அடிச்சா ஒண்ணும் தெரியாது, கல்லோட ஒட்டுனாப்ல பக்கவாட்டுல புடிங்க, குழி எல்லாம் நிழலா மாறி எழுத்து எந்திரிச்சு நிக்கும். பகல்லன்னா ஒரு மொகம் பாக்குற கண்ணாடிய வச்சு வெயில பக்கவாட்டுல திருப்பி விடலாம். நான் படிச்ச கல்லுல பாதி இப்படிப் படிச்சதுதான்.

மைப்படி, அதாவது கல்லுல இருக்கற எழுத்த மை வச்சு தாள்ல நகல் எடுக்கறதுன்னா அது வேற வேலை. கல்ல நல்லா கழுவி, தாள நனைச்சு ஒட்டி, பிரஷ்ஷால தட்டித் தட்டி குழிக்குள்ள இறக்கி, அது காய ஆரம்பிக்கறப்ப மை தொட்ட பொதிய ஒத்தணும், எழுத்து வெள்ளையாவும் மத்த இடம் கருப்பாவும் விழும். அனுமதி இல்லாம, கத்துக்காம பண்ணக் கூடாது. தொல்லியல் துறை ஆளுங்கள வச்சு மாணவர்களுக்குப் பயிற்சி முகாம் நடத்தலாம், எழுதிக் கேளுங்க.

கரும்பலகை

நான் கணக்கு டீச்சர், ஆனா எங்க அரசுப் பள்ளியில மரபு மன்றம் நான்தான் பாத்துக்கறேன். அண்ணா, நீங்க ஸ்கூல்ல இருக்கீங்கன்னு எழுதியிருக்கீங்க, அப்புறம் எதுக்கு வாட்சப் ஸ்டேட்டஸ நம்பறீங்க? அந்த ஊர்லேர்ந்து உங்க ஸ்கூலுக்கு வர்ற பிள்ளைங்க கண்டிப்பா இருக்கும். அதுங்ககிட்ட ஒரு நோட்டு குடுங்க. உங்க பாட்டி கும்பிடற சாமி எது, அது எந்தத் தெசையப் பாத்து இருக்கு, எப்பப் பொங்கல் வைப்பீங்க, கல்லுல என்ன உருவம் இருக்கு, கைல வில்லா வாளா, இவ்வளவுதான் கேள்வி. எங்க பிள்ளைங்க ஒரு தீபாவளி லீவுல பதினோரு கல்லு கண்டுபுடிச்சுட்டு வந்தாங்க, அதுல ரெண்டு துணி தொவைக்கிற கல்லா கெடந்துச்சு.

நிகழ்ச்சின்னு பாத்தா ஏப்ரல் 18 உலக மரபு நாள், மே 18 அருங்காட்சியக நாள், நவம்பர் 19லேர்ந்து 25 வரைக்கும் மரபு வாரம். ஏப்ரலும் மேவும் பரிட்ச, வெயிலு, ஒண்ணும் நடக்காது. நவம்பர் வாரத்தப் புடிச்சுக்கங்க. நாங்க வீட்டுப் பழம்பொருள் கண்காட்சி வைக்கறோம், மரக்கா படி, உழக்கு, ஓலச்சுவடி, செல்லாத காசு, எல்லாம் பிள்ளைங்க வீட்லேர்ந்து வரும், ஒவ்வொண்ணுக்கும் சீட்டுல யார் வீட்டுதுன்னு எழுதி வச்சு சாயங்காலமே திருப்பிக் குடுத்துடணும், இதுல மட்டும் கண்டிப்பா இருங்க. அப்புறம் தமிழி எழுத்துல அவங்கவங்க பேர எழுத வைங்க, ஒரு பீரியட் போதும். ஒரு வாரத்துக்கு லெட்டர் நோட்டு அட்டையெல்லாம் தமிழியாத்தான் இருக்கும்.

அடையாறு ஆலமரம்

சென்னைல மெட்ராஸ் டே 2004ல சின்னதா ஆரம்பிச்சதுதான், 1639 ஆகஸ்ட் 22ங்கற தேதிய வச்சு. இன்னிக்கு ஆகஸ்ட் வந்தா நடை, பேச்சு, போட்டோ கண்காட்சி, வினாடி வினான்னு அங்கங்க அவங்கவங்களே நடத்திக்கறாங்க. தேதின்னு ஒண்ணு இருந்தா ஆளுங்க தானா வருவாங்க, அத மட்டும் யோசிங்க. இன்னொண்ணு, இந்த மாதிரி கல்லையெல்லாம் பேசாம மியூசியத்துக்குக் குடுத்துடலாமே? தர்மபுரில நடுகல்லுக்குன்னே வச்சிருக்காங்களே, அங்க பாதுகாப்பா இருக்கும்ல.

பழங்கல்

ஆலமரம் ஐயா, ஆளில்லாம குப்பையில கெடக்கற கல்லு, ரோடு போடறப்ப வெளிய வர்ற கல்லு, அதுக்கு மியூசியம் சரி. கும்பிடற கல்ல எடுக்கக் கூடாதுங்கறது என் கட்சி. புறநானூத்துல அதியமான் செத்தப்ப ஔவையார் பாடறாங்க, நடுகல்லுக்கு மயில்பீலி சூட்டி சின்னக் கலத்துல கள்ள ஊத்தறாங்களே, மலையோட நாட்டையே குடுத்தாலும் வாங்காதவன் இத வாங்கிக்குவானான்னு. அந்தக் கள்ளும் படையலும் இன்னிக்கு வரைக்கும் வேடியப்பனுக்கு நிக்கல, கண்ணாடிக்குப் பின்னாடி கொண்டுபோய் வச்சா எழுத்து பொழைக்கும், படையல் நின்னுடும்.

டைல்ஸ் விஷயம் ரொம்ப அவசரம் தம்பி, உடனே போங்க. பெயின்ட்ட விட மோசம் அடியில போடற சிமெண்ட் தளம். பீடம் கட்டறேன்னு கீழ மூணு வரி எழுத்த மூடிடுவாங்க, அப்புறம் எடுக்க முடியாது. வேணாம்னு சொல்லாதீங்க, அவங்க சாமிக்கு அவங்க செய்யறது. மேஸ்திரிகிட்ட உக்காந்து பேசி கல்லச் சுத்தி ஒரு முழம் மண்ணாவே விடச் சொல்லுங்க, டைல்ஸ அதுக்கு வெளிய போடட்டும், உருவத்துக்கு வேணா சந்தனக்காப்பு போடட்டும், எழுத்து இருக்கற பக்கம் மட்டும் எனாமல் வேணாம்னு கேளுங்க. முன்னாடியே நாலு பக்கமும் அளவுகோல் வச்சு போட்டோ எடுத்துருங்க. ஏற்கனவே அடிச்ச பெயின்ட்ட சொரண்டற வேல மட்டும் வேணவே வேணாம்.

நிலத்துல புதுசா ஏதாவது கெடச்சா, காசு, பானை, சிலைன்னு, பையில போட்டுக்காதீங்க. 1878லேர்ந்து சட்டம் இருக்கு, கலெக்டருக்குத் தெரிவிக்கணும். விஏஓகிட்ட எழுதிக் குடுத்து ஒரு நகல்ல கையெழுத்து வாங்கிக்கங்க.

செங்கம் சைக்கிள்காரன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து நானும் போஸ்ட்மேன் அண்ணனும் மட்டும் போனோம், கேமரா எடுத்துட்டுப் போகல. அவருக்கு அந்த ஊர்ல எல்லா வீடும் தெரியும், முன்னாடி முதியோர் பென்ஷன் மணியார்டர்ல வந்தப்ப அவர்தான் கொண்டு போய்க் குடுத்துட்டு இருந்தார், இத நாங்க மொதல்லயே யோசிச்சிருக்கணும்.

அந்த அம்மா வீட்டு வாசல்ல வேர்க்கடல உரிச்சிட்டு இருந்தாங்க. நாங்க மன்னிப்பு கேட்டோம். அவங்க ஒண்ணும் சொல்லல, முறத்த நடுவுல தள்ளி வச்சாங்க, நாங்களும் உக்காந்து உரிக்க ஆரம்பிச்சோம். ஒரு கால்மணி நேரம் கழிச்சு அவங்களாவே சொன்னாங்க, மாடு தொலஞ்சா வேடியப்பனுக்கு வேண்டிக்கிட்டா திரும்ப வந்துடுமாம், அவங்க மாமியார் காலத்துலேர்ந்து அப்படித்தானாம். பழங்கல் ஐயா எழுதுனது ஞாபகம் வந்துச்சு, எங்க தாலுக்காவுல மாடு காக்கப் போய் செத்தவங்களுக்கு நட்ட கல்லு எத்தனையோ. எழுத்தப் படிக்கத் தெரியாமலே அந்தக் கல்லோட வேல என்னன்னு இவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு.

கெளம்பறப்ப அவங்க கேட்டாங்க, "அதுல இன்னாதான் எழுதியிருக்கு, சாமி பேரா?"ன்னு. எங்களுக்குத் தெரியலம்மா, படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார், ராத்திரி டார்ச் வச்சுப் பாக்கணும்னு சொல்றார்னு சொன்னோம். ஊர்ப் பெரியவர்கிட்ட அவங்களே பேசறேன்னு சொல்லிட்டாங்க. காணும் பொங்கலன்னிக்கு வெளியூர்ல வேல பாக்கற பசங்க எல்லாம் வந்திருப்பாங்க, அன்னிக்கு வந்தா ஊரே பாக்கும்னு தேதியும் அவங்களே குறிச்சுட்டாங்க. சாப்பாடு ஊர்ல ஆக்கிடுவாங்களாம், அரிசி மட்டும் எங்க பொறுப்பு.

டைல்ஸ் ஊருக்கு வெள்ளிக்கிழமை போறோம், மேஸ்திரி உரக்கடைக்காரருக்குச் சொந்தம்தானாம். கரும்பலகை டீச்சர், உங்க நோட்டுக் கேள்விய அப்படியே எங்க ஸ்கூல்ல ஒம்பதாவதுக்குக் குடுக்கலாம்னு ஹெச்செம் சொல்லிட்டாங்க.

பழங்கல் ஐயா, காணும் பொங்கலன்னிக்கு சாயங்காலம் வர முடியுமா? பஸ்ஸ்டாண்டுக்கு வண்டியோட நான் வந்து நிக்கறேன்.

பழங்கல்

வர்றேன் தம்பி. மதியமே வந்துடறேன், இருட்டறதுக்கு முன்னாடி அந்த அம்மாவப் பாத்துப் பேசணும். ரெண்டு டார்ச் கொண்டு வர்றேன், நீங்க ஒரு கோணிப்பை மட்டும் எடுத்துட்டு வாங்க, கீழ் வரி படிக்க மண்ணுல படுத்துத்தான் ஆகணும்.