கார்டு புதுசு, எஃப்பிஎஸ் பழசு: உங்களுக்கு நேர்ந்ததைப் பகிருங்கள்

சேலம்சிப்:
ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது, எழுதிவிடுகிறேன். சித்தப்பா மகனின் பிசி. ரைசன் 5 2600 ப்ராசஸர், பி450 போர்டு, 16 ஜிபி ரேம், 1080பி மானிட்டர். பழைய ஆர்எக்ஸ் 580 கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு ஆர்டிஎக்ஸ் 3070 போட்டான், செகண்ட் ஹேண்டில் நல்ல விலைக்குக் கிடைத்தது. பால்டர்ஸ் கேட் 3 ஆடியவர்களுக்குத் தெரியும், முதல் இரண்டு ஆக்ட் வரை எந்தத் தொந்தரவும் இருக்காது, மூன்றாவது ஆக்டில் லோயர் சிட்டிக்குள் கால் வைத்த பிறகுதான் பிசியின் லட்சணம் தெரியும். தெரு முழுக்க ஆட்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை, ஒரு பாதை, அத்தனையையும் கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டியது ப்ராசஸர்தான். எஃப்பிஎஸ் (ஒரு நொடிக்கு வரும் ஃப்ரேம்களின், அதாவது படங்களின் எண்ணிக்கை) முப்பதுகளில் நொண்டியது.

நான் போயிருந்தபோது அல்ட்ராவிலிருந்து லோவுக்கு இறக்கிக் காட்டினான். மூலையில் 34 என்று இருந்த எண் 35 ஆனது. டிஎல்எஸ்எஸ்ஸை (குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் வசதி) பெர்ஃபார்மன்ஸில் வைத்தான், அப்போதும் 35, படம் மட்டும் மங்கியது. கார்டின் யூசேஜ் 45 சதவீதத்தைத் தாண்டவில்லை. ப்ராசஸர் அடுத்த ஃப்ரேமைத் தரட்டும் என்று பாதி நேரம் கார்டு சும்மா காத்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். ப்ராசஸரை மாற்று என்றேன். ஆனால் அவன் ஏற்கெனவே விசாரித்திருந்த கடைக்காரர், "சிபியு ஐம்பது சதவீதம்கூட ஓடவில்லையே, அது எப்படி பாட்டில்நெக் (மற்றதை இழுத்துப் பிடிக்கும் தடை) ஆகும், இது கிரிப்டோ மைனிங்கில் அடிபட்ட கார்டு" என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். பையன் அதை நம்பி 3070-ஐ நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டு, கடன் வாங்கி 4070 வாங்கினான். அதே தெரு, அதே 35. எனக்கு ஃபோன் செய்து எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அந்தப் பழைய கார்டில் ஒரு குறையும் இல்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

கோவைபில்டர்:
மொத்த சிபியு சதவீதத்தை வைத்து முடிவு செய்கிற கடைக்காரர்களால் எத்தனை பேர் பணம் போயிருக்கிறதோ. 6 கோர் 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை) உள்ள ப்ராசஸரில் கேமின் முக்கியமான ஒரு த்ரெட் முழுதாகத் திணறினாலும் மொத்தக் கணக்கில் அது 8 சதவீதம் சொச்சம்தான். பாக்கி த்ரெட்கள் காலியாக இருக்கும், எண் குறைவாகத் தெரியும், அவ்வளவுதான்.

எனக்கு நடந்தது வேறு ரகம். ஆபீஸ் நண்பர் ரைசன் 5 5600ஜி வாங்கி கார்டு இல்லாமல் கொஞ்ச காலம் ஓட்டினார். பிறகு, கார்டு விலையெல்லாம் எட்டாத உயரத்தில் இருந்த 2022-ல், கடையில் சொன்னபடி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போட்டார். பார்க்கப் பொருத்தம்தான், இரண்டுமே பட்ஜெட் சரக்கு. ஆனால் அந்தக் கார்டுக்கு பிசிஐஇ லேன் (கார்டுக்கும் மற்ற பாகங்களுக்கும் நடுவில் டேட்டா போகும் பாதை) நான்கே நான்கு. பிசிஐஇ 4.0 வேகத்தில் ஓடினால் சமாளித்துவிடும். 5600ஜி கொடுப்பதோ 3.0, போர்டு பி550 ஆக இருந்தாலும் அப்படித்தான். கார்டின் 4 ஜிபி நிரம்பியதும் டெக்ஸ்சர் (பொருள்களின் மேல் ஒட்டும் படங்கள்) எல்லாம் அந்த நான்கு லேன் வழியாகத்தான் வந்து போக வேண்டும், அதிலும் பாதி வேகத்தில். ஃபோர்சா ஹொரைசன் 5-ல் ஊருக்குள் திரும்பும் ஒரு வளைவில் கார் நின்று நின்று போகும். அதே கார்டை என் 12400எஃப் மெஷினில் செருகி அதே வளைவில் ஓட்டிக் காட்டினேன், எங்கேயும் தட்டவில்லை. அவர் பக்கத்தில் நின்று, "அப்போ என்னுடையதில் எந்தப் பார்ட் கெட்டுப்போச்சு?" என்று கேட்டார். எதுவும் கெடவில்லை, இரண்டையும் சேர்த்ததுதான் பிரச்சினை என்பதை அவருக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு!

4கேரசிகன்:
இப்படி எழுதி எழுதியே எல்லோரையும் ப்ராசஸர் பயத்தில் தள்ளிவிடுகிறீர்கள். என்னிடம் இருப்பது 2017-ல் வந்த ஐ7 8700. ஆர்டிஎக்ஸ் 3080 வாங்கியபோது தெரிந்தவர்கள் எல்லோரும் போர்டு, ரேம், ப்ராசஸர் அத்தனையும் மாற்றினால்தான் ஆச்சு என்றார்கள். நான் ஹாலில் இருக்கும் 4கே டிவியில்தான் ஆடுகிறேன். 1080பியில் ஒரு ஃப்ரேமுக்குச் சுமார் 20.7 லட்சம் பிக்சல், 4கேயில் 83 லட்சம், நான்கு மடங்கு. அந்தச் சுமை முழுக்க கார்டின் தலையில்தான். கேமில் எத்தனை பேர் நடக்கிறார்கள், எந்தச் சுவர் இடிகிறது என்ற கணக்கு எந்த ரெசல்யூஷனிலும் ஒன்றுதான், ப்ராசஸருக்கு 4கே என்றால் என்னவென்றே தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர் ஒருவரின் அப்போதைய புது ஐ5 13600கே மெஷினில் என் கார்டைப் போட்டு, சைபர்பங்க் 2077-ல் நைட் சிட்டியில் ஒரே சாலையில், ரே டிரேசிங்கோடு (ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரையும் முறை), இரண்டு மெஷினிலும் நடந்து பார்த்தோம். இரண்டு ஃப்ரேம் வித்தியாசம். அந்த நண்பர் முகம் சுருங்கிப்போனதை நான் மறக்கவே இல்லை, அவர் என்னை மாற்றச் சொல்லி மல்லுக்கட்டியவர்களில் ஒருவர். காசை கார்டில் போடுங்கள் என்பதுதான் என் கட்சி.

ஸ்மோக்கடி:
4கேரசிகன் அண்ணா, உங்கள் டிவி 60 ஹெர்ட்ஸா? அப்படியானால் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட் நேரம் இருக்கிறது, எந்த ப்ராசஸரும் சாவகாசமாக முடித்துவிடும். 240 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 4.2 மில்லிசெகண்ட்தான். உங்கள் கணக்கை எங்கள் மேல் போடாதீர்கள்.

காலேஜ் ஃபெஸ்டில் வேலரன்ட் டோர்னமென்ட். கார்டு ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ என்று போஸ்டரிலேயே போட்டிருந்தார்கள். உள்ளே ஐ3 10100எஃப், எச்410 போர்டு, 8 ஜிபி ஒரே ஸ்டிக். அந்த போர்டில் ரேம் 2666-க்கு மேல் ஓடாது, அதுவும் ஒற்றை சேனல். ப்ராக்டிஸ் ரேஞ்சில் 250 காட்டியது, எல்லோரும் குஷி. கடைசி ரவுண்டு, எங்கள் டீமில் நான் மட்டும் உயிரோடு, ஸ்பைக் (கேமில் வைக்கும் குண்டு) பக்கத்தில் ஸ்மோக் விழுந்தது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் எபிலிட்டி போட்டார்கள், எண் 90-க்கு விழுந்து படம் ஒரு குலுக்கு குலுக்கியது. குலுக்கல் நின்றபோது நான் செத்திருந்தேன். அந்த 3060 டிஐ அப்போது முப்பது சதவீதம்கூட ஓடியிருக்காது. சராசரி எஃப்பிஎஸ் யாருக்கு வேண்டும், சண்டை நடக்கிற அந்த நொடியில் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

4கேரசிகன்:
தம்பி, டிவி 120 ஹெர்ட்ஸ். நான் வேலரன்ட் ஆடுவதில்லை. கதை கேம் ஆடுகிறவன் பற்றித்தான் சொன்னேன்.

கேபிள்குமார்:
பக்கத்து வீட்டில் ஆர்டிஎக்ஸ் 4060 வாங்கி வந்து ஜிடிஏ 5 இருபது எஃப்பிஎஸ்ஸில் ஓடுகிறது என்று கூப்பிட்டார்கள். எச்டிஎம்ஐ ஒயர் மதர்போர்டில் செருகியிருந்தது. ப்ராசஸர் எஃப் இல்லாத 12400, உள்ளேயே கிராஃபிக்ஸ் இருப்பதால் படம் வந்துவிட்டது, யாருக்கும் சந்தேகமே வரவில்லை. நான் போகும்போது பையனின் அப்பா "இதுக்கா முப்பதாயிரம் கொடுத்தேன்" என்று கத்திக்கொண்டிருந்தார், பையன் கண்ணில் தண்ணீர். ஒயரை மாற்றியதும் இரண்டு பேரும் பேசவில்லை.

கோவைபில்டர்:
கேபிள்குமார், இது ஜோடிப் பொருத்தம் பற்றிய திரி, ஒயர் பிரச்சினை வேறு. ஆனாலும் ஆயிரத்தில் ஒருவர் இதைப் படித்துப் பிழைப்பார், இருக்கட்டும்.

ஃப்ரேம்டைம்:
என் கதை சின்னது. மாமா பையனின் ரைசன் 5 3600, ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டி. ஸ்பைடர்மேன் ரீமாஸ்டர்டில் வலை வீசி நகரத்துக்குள் வேகமாகப் போனால் வெட்டி வெட்டிப் போகும், கூரையில் நின்று வேடிக்கை பார்த்தால் ஒன்றும் இருக்காது. ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் ப்ராசஸரை மாற்றிவிடலாம் என்று கிளம்பிவிட்டான். பயோஸை (போர்டின் அடிப்படை செட்டிங்) திறந்து பார்த்தால் 3200 ரேம் 2133-ல் ஓடுகிறது, எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் செட்டிங்) ஆன் செய்யப்படவே இல்லை. ஆன் செய்துவிட்டு அதே தெருவில் வலை வீசினான். வெட்டு முழுதாகப் போகவில்லை, ஆனால் "ஏய்" என்று அவன் போட்ட சத்தத்தில் அத்தை அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டார்.

அதனால் சொல்கிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். காசு செலவழிப்பதற்கு முன்னால் ஆஃப்டர்பர்னரும் ரிவாட்யூனரும் (இந்த எண்களைத் திரையில் காட்டும் மென்பொருள்கள்) போட்டு மூன்று விஷயங்களைத் திரையில் கொண்டுவாருங்கள்: கார்டு யூசேஜ், ஒவ்வொரு த்ரெட்டின் யூசேஜ், ஃப்ரேம்டைம் (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஆகும் நேரம்) கோடு. கார்டு 95-க்கு மேல் நிற்கிறதா, உங்கள் கார்டுதான் எல்லை, அது நல்ல நிலைமை, கொடுத்த காசுக்கு வேலை செய்கிறது. கார்டு அறுபது எழுபதில் ஆடுகிறது, வி-சிங்க்கும் (எஃப்பிஎஸ்ஸை மானிட்டரின் வேகத்தோடு பூட்டும் செட்டிங்) இல்லை, எஃப்பிஎஸ் லிமிட்டும் இல்லை என்றால் ப்ராசஸர் அல்லது ரேம் பக்கம் பாருங்கள். அப்புறம் ரெசல்யூஷனை 1080பியிலிருந்து 720பிக்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் எகிறினால் கார்டுதான் தடை, அசையாமல் நின்றால் ப்ராசஸர். சேலம்சிப்பின் தம்பி அல்ட்ராவிலிருந்து லோவுக்கு வந்தபோது நடந்தது அந்தச் சோதனைதான், பதில் கண்ணெதிரே இருந்தது, கடைக்காரர் பேச்சில் தொலைந்துபோனது.

இணையத்தில் பாட்டில்நெக் கால்குலேட்டர் என்று, ப்ராசஸர், கார்டு இரண்டின் பெயரையும் டைப் செய்தால் "17 சதவீதம்" என்று சொல்லும் சமாசாரம் இருக்கிறதே, தயவுசெய்து நம்பாதீர்கள். எந்த கேம், எந்த ரெசல்யூஷன், ரே டிரேசிங் உண்டா இல்லையா என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும்போது ஒரே ஒரு சதவீதம் எதைச் சொல்லும்? ரே டிரேசிங் கார்டு வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், அதற்கான பிவிஎச் அமைப்பை (காட்சியில் எது எங்கே இருக்கிறது என்ற அடுக்குப் பட்டியல்) கட்டி நிர்வகிப்பதில் ப்ராசஸருக்கும் நல்ல சுமை விழும். டிரைவரும் இதில் ஒரு கை. இன்டெல் ஆர்க் பி580 கார்டைப் பழைய, நடுத்தர ப்ராசஸர்களோடு சேர்த்தால் சில கேம்களில் நன்றாகவே வேகம் இறங்குகிறது என்று 2025 தொடக்கத்தில் விமர்சகர்கள் சோதித்துக் காட்டினார்கள். ரிவ்யூக்களில் கார்டைப் பெரும்பாலும் அப்போதைய உச்ச ப்ராசஸரோடு சோதிப்பதால், அந்த எண் உங்கள் வீட்டில் வரும் என்று கட்டாயம் இல்லை.

4கேரசிகன் சொல்வது அவருடைய ஹாலுக்குச் சரி. ஆனால் டிஎல்எஸ்எஸ் பெர்ஃபார்மன்ஸில் 4கே ஆடினால் உள்ளே ரெண்டர் ஆவது 1080பிதான் என்பதையும் நினைவில் வையுங்கள், கார்டின் சுமை இறங்க இறங்க பழைய ப்ராசஸர் தலைகாட்டும்.

சேலம்சிப்:
ஃப்ரேம்டைம், நன்றி. அவன் ரேமையும் பார்த்தோம், 3000-ல்தான் ஓடுகிறது, அதில் பிழையில்லை. இப்போது ப்ராசஸர் தேடுகிறான். 5600 போதுமா, 5700எக்ஸ்3டி போகலாமா?

ஃப்ரேம்டைம்:
போர்டை மாற்ற வேண்டாம், அதுவே பாதி நிம்மதி. 5600-க்கு எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) 32 எம்பி, 3டி மாடலுக்கு 96 எம்பி. பால்டர்ஸ் கேட் மாதிரி, ஃபேக்டோரியோ மாதிரி நினைவகத்தை ஓயாமல் துழாவும் கேம்களில் அந்தக் கேஷ் பெரிய உதவி. கையில் காசு இருந்து, நியாயமான விலையில் கிடைத்தால் 3டி. இல்லையென்றால் 5600-ஏ 2600-லிருந்து பெரிய தாவல், கடன் மேல் கடன் வேண்டாம். முக்கியமாக, 2600 போர்டில் இருக்கும்போதே பயோஸை அப்டேட் செய்துவிடுங்கள். பழைய பயோஸில் புது ப்ராசஸரை வைத்தால் டிஸ்ப்ளே வராது, திரும்ப அதே கடைக்காரரிடம் போய் நிற்க வேண்டியிருக்கும்.

ஸ்மோக்கடி:
4070-தானே இருக்கிறது, ஃப்ரேம் ஜெனரேஷனை (நடுநடுவே கார்டே உருவாக்கிய ஃப்ரேம்களைச் செருகும் வசதி) ஆன் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அடுத்து யாராவது வருவார்கள். வராதீர்கள்.

4கேரசிகன்:
நான் வருகிறேன், ஆனால் நீ நினைப்பதைச் சொல்ல இல்லை. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், அண்ணன் வீட்டு மெஷின், அதிலும் 4070-தான், ப்ராசஸர் ஐ5 9400எஃப். நியூயார்க் ஜேஎஃப்கேயில் இறங்குகிறார். ஃப்ரேம் ஜெனரேஷன் ஆன், திரையில் 58, பார்க்க அழகாகத்தான் இருந்தது. ரன்வே நெருங்கி மூக்கைத் தூக்கும்போது ஸ்டிக்கை இழுத்ததற்கும் விமானம் அசைந்ததற்கும் நடுவில் ஒரு இழுவை. இடையில் செருகிய ஃப்ரேமுக்கு அவர் கை என்ன செய்தது என்று தெரியாது, ப்ராசஸர் உண்மையில் கொடுப்பது 29-தானே. இரண்டு தடவை தரையில் குதித்து ஓரமாகப் போய் நின்றார். பிறகு டெரைன் லெவல் ஆஃப் டீடெய்லை (நிலப்பரப்பின் நுணுக்க அளவு) குறைத்தோம், ஏஐ டிராஃபிக்கையும் (கம்ப்யூட்டர் ஓட்டும் மற்ற விமானங்கள்) இறக்கினோம், ப்ராசஸரைத் தின்பதில் முன்னால் நிற்பவை அவை. நிழலையும் மேகத்தையும் தொடவே இல்லை, அது கார்டு பார்த்துக்கொள்ளும். ஃப்ரேம் ஜெனரேஷன் இல்லாமலே 40-க்கு வந்தது. அப்புறம்தான் ஒழுங்காக இறக்கினார்.

ஸ்மோக்கடி:
அப்படியானால் அண்ணா, ப்ராசஸர் முக்கியம் என்று நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள்.

4கேரசிகன்:
அந்த கேமுக்கு, ஆமாம்.